மோதிர விரல்

காலை ஏழு மணிக்கு ஆய்வக வாசலில்
வருகைப் பதிவு எந்திரம் என்னை மறுக்கிறது.
மீண்டும் முயலவும் என்கிறது, பெண் குரலில்.
ஊதி வைக்கிறேன்.
துப்பட்டாவில் தேய்த்து மறுபடி வைக்கிறேன்.
இடது சுட்டுவிரலில் நான் இல்லையாம்.
பின்னால் நிற்கும் கோமளவல்லி,
"பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாத்துக்கா" என்கிறாள்.
சோப்பு இல்லை கோமளா,
ஆறு தந்தி.

பெரம்பூரில் சர்க்கரை இல்லாத வீடு
டீக்கடையில் மட்டும்தான் பேசப்படும்.
நாளைக்கு அறுபது விரல் குத்துகிறேன்.
மோதிர விரல், நுனியில் அல்ல, பக்கவாட்டில்.
எறும்பு கடிச்ச மாதிரிதான் சார் என்று
பதினோரு வருஷம் சொன்ன பொய்யை
போன மழைக்கு முன்னால்தான் நிறுத்தினேன்.
இப்போது "வலிக்கும்" என்கிறேன்.
ஏனோ யாரும் கையை இழுத்துக்கொள்வதில்லை.

கிட்டார் டெரன்ஸுடையது.
மெல்போர்னுக்குக் கிளம்பும்போது
ஃப்ரிட்ஜையும் அதையும் சேர்த்து
ஏழாயிரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனான்.
ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது.

உப்புக்காற்றில் தந்தி மூன்றே வாரம்.
அப்புறம் அதில் விரல் வைப்பது
வஞ்சிர மீனை வாலிலிருந்து தலைக்குத் தடவுவது.
முதலில் கொப்புளம்.
பிறகு கொப்புளத்துக்குள் கொப்புளம்.
பச்சை மிளகாயை இடது கை பிடிக்க, வலது கை நறுக்கிய ராத்திரி
ஐஸ் கட்டி கேட்டுக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
"சத்தம் போடறது நீங்கதானா" என்றார்கள்.
ஐஸும் கொடுத்தார்கள்.

மோதிரம் கழுத்துக்கட்டையில் இடித்தது.
கழற்றித் தீப்பெட்டியில் போட்டேன்.
கிட்டாருக்காகத்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.
நம்பினாள்.
நம்பியதாகச் சொன்னாள்.
அந்த வெள்ளை வளையம் வெயிலுக்குப் பழக
ஆறு மாதம் ஆனது.

எட்வினைப் பற்றி ஒரு பாட்டு எழுதத்தான்
இந்த ஆரம்பமெல்லாம்.
அவன் போன சனிக்கிழமையை வைத்தேன்,
அரை கிலோ தக்காளியோடு நான் திரும்பி வந்ததை வைத்தேன்,
பூட்டில் தொங்கிய சாவியை வைத்தேன்.
எதுவும் தாளத்தில் உட்காரவில்லை.
தக்காளி மட்டும் உட்கார்ந்தது.
சிரிப்பு வந்துவிட்டது, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வந்தான்.
ஒன்பது வயசு, பிறந்ததிலிருந்தே ஊசி என்றார் அவன் அப்பா,
வெளியே பார்த்துக்கொண்டு.
பத்து விரலையும் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு
கடைக்காரனிடம் கேட்பது போலக் கேட்டான்:
அக்கா, இதுல ரத்தம் வராத விரல் இருக்கா?

அன்று ராத்திரி அந்த வரி தானாக வந்து உட்கார்ந்தது.
'இருக்கா' என்பதை இழுக்க வேண்டும்.
இழுக்கும் இடத்தில் எஃப் கார்டு.
ஒரே சுட்டுவிரல் ஆறு தந்தியின் மேலும் படுக்க வேண்டும்.
எனக்கு மூன்றாவது தந்தி எப்போதும் செத்தே கேட்கும்,
மரக்கட்டையில் தட்டியது மாதிரி.
திருத்தத் திருத்த அப்படியே.
விட்டுவிட்டேன்.
அவன் கேள்விக்கு என்னிடம் இருந்த சத்தமும் அதுதான்.

பாடி முடிக்கும்போது மணி ஒன்றரை.
தண்ணி லாரி தெருவுக்குள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.
பையிலிருந்து ஒரு லான்செட் எடுத்து
என் இடது மோதிர விரலில், காய்த்துப்போன நுனியிலேயே,
குத்திப் பார்த்தேன்.
முதல் தடவை ஏறவில்லை.
ஒரு நிமிஷம், அவனுக்குச் சொல்ல
ஒரு விரல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.
இரண்டாவது தடவை வந்தது.
சின்னத் துளி.
வீணாக்குவானேன் என்று ஸ்ட்ரிப்பில் வைத்தேன்.
நூற்றுப் பதினெட்டு.

வியாழக்கிழமை திரும்ப வருவான்.
இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.
வாசலில் காவலாளி நோட்டை நீட்டுகிறார்:
எந்திரம் உங்களை எடுக்காதும்மா, கையால எழுதிடுங்க.
எழுதுகிறேன்.
ஃபிலோமினா. ஏழு பதினாறு.